நடு பெஞ்சிலிருந்து வந்த கேள்விகள்

இன்று மாலை உன் அம்மா பெயிண்ட் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, உன் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்தார். அட்டை போட்டிருந்த பேக்கிங் தாளில் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். யாராவது பார்த்தால் உன்னை நினைத்து அழுகிறேன் என்பார்கள். அழவில்லை. நாளையை நினைத்தால் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வகுப்பு உனக்குத் தெரியும். படிப்பு வராதவர்கள் முதல் வரிசையில். எல்லோரும் பாஸாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்குவதால் சார் அவர்களோடுதான் இருப்பார். நன்றாகப் படிக்கும் நாங்கள் லீடர்கள். ஆளுக்கு ஐந்து பேரை ஒப்பிக்கவைத்து டிக் போடுவோம். நீ நடு பெஞ்ச். எப்படியும் பாஸாகிவிடுவாய் என்பதால் உன்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பாஸாகத் தேவைப்படாத கணக்குகளைச் சார் தாண்டிப் போய்விடுவார். எனக்கு அவைதான் வேண்டும். கேட்கப் பயம். துண்டுச் சீட்டில் எழுதி உன் பக்கம் தள்ளுவேன். நீ எழுந்து நிற்பாய்.

"சார், இந்தக் கணக்கு இன்னா சார், ஒண்ணும் புரியலையே?"

"உனக்கு எதுக்குமா அது? பாஸாவறதுக்கு இது வேணாம். உக்காரு."

"கலெக்டரம்மா கேக்கறாங்க, சொல்லுங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துவாள். வகுப்பே சிரிக்கும். தலையைக் குனிந்துகொண்டு நானும் சிரித்திருக்கிறேன். சில நாள் சார் மனமிரங்கி போர்டில் போட்டுக் காட்டுவார். நான் எழுதிக்கொள்வேன்.

"உனக்கு வெக்கமா இல்லியாடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் ரேங்க்கு நீ கேட்டாதான் மானம் போவும். எனக்கு இன்னாடி போவுது?" என்றாய்.

காய்ச்சல் என்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஐந்தாம் நாள் நீ இல்லை. அதன் பிறகு வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

நோட்டைத் திறந்தேன். என் சீட்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கீழே நீயே போட்டுப் பார்த்திருக்கிறாய். பல தப்பு. அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாய். மூன்று சரி. அதில் ஒன்று எனக்கு இன்னும் வராதது. உனக்கும் அவை வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

நாளையோடு பாடம் முடிகிறது. அப்புறம் பாஸ் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதுவது மட்டும்தான். கடைசிப் பாடத்தில் நான்கு கணக்குகளைச் சார் தாண்டிவிட்டார். நாளை கேட்காவிட்டால் சொல்லித்தர ஆளில்லை.

எழுந்து நின்றால் சிரிப்பார்கள். "லீடரே இப்படிக் கேட்டா எப்படி?" என்பார் சார். பதில் யோசித்து வைத்திருக்கிறேன்.

"இவ்ளோ நாளா அவ கேட்டதெல்லாம் என் சந்தேகம் சார். ஆனா அவளுக்கும் அது வேண்டியிருந்துச்சு சார்."

முதல் வரியைச் சொல்லிவிடுவேன். இரண்டாவதையும் சொல்லி முடிக்கும்வரை உட்காரக் கூடாது.