கிஷோரின் பின்சக்கரம்

ஜூன் 10, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் கொரியர்காரர் போன் செய்தார். "கிஷோர் சார் ஊடுங்களா? பார்சல் வந்துகீது, அவரு போன எடுக்கல." இரண்டாவது நம்பராக என்னுடையதைக் கொடுத்து வைத்திருக்கிறான். நான் அவன் அக்கா, சாயங்காலம் கொண்டு வாங்க என்றேன்.

வந்தவர் ஓடிபி கேட்டார். அது கிஷோர் போனுக்குத்தானே வரும்? பீரோவிலிருந்து போனை எடுத்து சார்ஜில் போட்டேன். அது உயிர் பிடிக்கும்வரை அவர் வாசலில் நின்றார். விரிசல் விட்ட திரையில் எண்கள் வந்தன. படித்துச் சொன்னேன்.

"சார் வெளியூரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பார்சலில் இரண்டு டயர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து எங்கெங்கோ தங்கி வந்திருக்கின்றன. தம்பி ஏப்ரலிலேயே போய்விட்டான்.

ஜூன் 11

போனை அணைக்க மனசு வரவில்லை. சார்ஜிலேயே கிடக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மொட்டைமாடி அறையைத் திறந்தேன். அவன் சேர்த்து வைத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. பாசிப்பச்சை நிற இரும்பு ஃப்ரேம் துணி சுற்றிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், புது முன்சக்கரம், பிரேக், செயின், அட்டைப்பெட்டிகள். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும், ஆனால் தடித்த டயரோடு கல்லிலும் மண்ணிலும் போகும் என்பான். அக்கா என்று கூப்பிடமாட்டான், என் பெயர்தான். "தார் ரோட்ல லாரிக்குப் பயந்துகினே ஓட்டறதா வதனி? இது முடிஞ்சா எனக்கு ரோடே வேணாம்."

இதை முடிப்பதற்குள்தான் பழைய சைக்கிளில் போய், ஆவடி பக்கம் ஒரு சந்திலிருந்து திரும்பிய தண்ணி லாரியில் —

போலீஸ் திருப்பிக் கொடுத்த அந்தச் சைக்கிளும் மூலையில் இருக்கிறது. முன்பக்கம் அப்பளம். பின்சக்கரத்துக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. புதுசுக்கென்று வாங்கி, பொறுக்கமுடியாமல் பழையதிலேயே மாட்டி ஓட்டிக்கொண்டிருந்த சக்கரம் அது.

அம்மாவின் தம்பி ஜம்புலிங்கம் மாமா வந்திருந்தார். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார். "அக்கா கண்ணுல படற மாரி இன்னாத்துக்கு வெச்சிகினு கீற?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலையாட்டினேன். மாமா போனதும் மாடிக்குப் போய் ஃப்ரேமைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன்.

நான் ஏன் இதைச் செய்கிறேன்? கம்பெனியில் தினமும் கியர் அளந்து சரி, சரியில்லை என்று பிரிக்கிற வேலை எனக்கு. பாதியில் நிற்கிற எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதானா?

ஜூன் 22, ஞாயிறு

கஜபதி வந்தான். கிஷோரோடு சைக்கிள் ஓட்டுகிறவன், அன்றைக்கும் கூட இருந்தவன். அதற்கப்புறம் சைக்கிளைத் தொடவில்லையாம். நான் கூப்பிட்டதற்காக வந்தான். பெடல் மாட்டுகிற இடத்தைச் சுத்தம் செய்து பேரிங் போட்டோம். பிறகு பழைய சைக்கிளிலிருந்து பின்சக்கரத்தைக் கழற்றி, பார்சலில் வந்த டயரைப் போட்டு இதில் மாட்டினோம்.

சுழலுகிறதா என்று தட்டிவிட்டேன். டிக்டிக்டிக்டிக் — அந்தச் சத்தம். பெடல் மிதிப்பதை நிறுத்தினால் எல்லாச் சைக்கிளிலும் வருவதுதான். கிஷோருடையது கொஞ்சம் கூர்மையாக இருக்கும். தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் கேட்கும்.

கஜபதி எழுந்து கைப்பிடிச்சுவர் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கீழே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல், சாதாரணமாக. எப்போதும் சொல்கிற மாதிரியே. "கிஷோரு, கை கால் கழுவிகினு வா."

சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். உள்ளங்கை எரிந்தது.

ஜூன் 23

அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா எப்போதும்போல டிபன் கட்டிக் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இந்த வாரமெல்லாம் வேலை முடிந்து வந்ததும் மாடிதான். பிரேக் கேபிளை ஹேண்டில்பாரின் வளைவுக்குள் செலுத்துவதற்குள் விரலெல்லாம் புண். புரியாததைக் கஜபதிக்குப் போட்டோ அனுப்பிக் கேட்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் — வேலை இல்லாத நாளிலும் போய்ச் சக்கரத்தைச் சுற்றுகிறேன். சுற்றினால் கீழே அம்மா ஏதாவது சொல்கிறாள். "குழம்பு ஆறிப்போவுது." "சட்டய தோய்க்கப் போடு." நான் பதில் சொல்வதில்லை. மூச்சுக்கூட விடாமல் கேட்கிறேன். வீட்டில் மூன்று பேர் இருக்கிற மாதிரி இருக்கிறது. இது சரியில்லை. தெரிந்தேதான் செய்கிறேன்.

ஜூலை 8

மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் இருக்கும்போதே அம்மா மாடியைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். என்னைத் திட்டித் தீர்த்தார். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகணும், அதற்கு முன்னால் அந்தச் சனியன் பிடித்த சைக்கிளை வெளியே போடணும் என்றார்.

அவர் போனதும் அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "எனுக்கு பைத்தியம் இல்லடி. கொள்ளி வெச்சத பாத்தவதான் நானு. செத்தவன் வரமாட்டான்னு தெரியாதா? அந்தச் சத்தம் வந்தா ஒரு நிமிசம் எம்புள்ள மாடியில கீறான். ஒரு நிமிசம்தான். அத நீங்க புடுங்காதீங்க."

ராத்திரியில் அம்மா தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். பகலிலும் கண்ணை மூடுவதில்லை. ஏப்ரலிலிருந்து அப்படித்தான்.

ஜூலை 13, ஞாயிறு

கஜபதி செயின் மாட்ட வந்தான். கியர் சரிபார்க்கச் சக்கரம் சுற்றித்தானே ஆகவேண்டும்? கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்கா, சக்கரத்துக்குள்ள கெட்டி கிரீஸா அடச்சிட்டா சத்தம் அடங்கிடும். அடச்சிடலாமா?" என்றான்.

ஏன் என்றேன்.

"அன்னிக்கி நான் முன்னாடி போய்க்கினு இருந்தேன். பின்னாடி அவன் சத்தம் வந்துகினே இருந்துச்சி. திடீர்னு நின்னுடுச்சி. லாரி சத்தம் அப்பறம்தான் கேட்டுது. திரும்பறதுக்கு முன்னாடியே எனுக்குத் தெரியும்க்கா."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லையாம். போலீஸிடம்கூட.

அம்மா சொன்னதை அவனிடம் சொன்னேன். கிரீஸ் டப்பாவை மூடி வைத்தான். டீ குடிக்காமல் போய்விட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

சைக்கிள் முடிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு வரவில்லை.

சீட் கம்பியில் கிஷோர் தன் உயரத்துக்கு மார்க்கரில் கோடு போட்டிருக்கிறான். அந்தக் கோட்டில்தான் நிறுத்தியிருந்தேன். அதை இறக்கினால் இது அவன் சைக்கிள் இல்லை. இறக்காவிட்டால் யாருக்குமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல்.

அம்மா படியேறி வந்தாள். முட்டி வலியோடு. அவன் போனதிலிருந்து இந்த அறைக்குள் வந்ததில்லை. என் கால் தொங்குவதைப் பார்த்தாள்.

"எட்டலயா?"

"எட்டலமா."

"அப்ப எறக்கு."

"அது அவன் போட்ட கோடுமா."

கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அவன் நெட்டக்காலு அவனோட போச்சி. நீ வுழுந்து வாரிகினு வந்தா யாரு பாக்கறது?"

அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நான் போல்ட்டைத் தளர்த்தினேன். கோடு குழாய்க்குள் இறங்கிவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஓட்டினேன்.

கஜபதியும் வந்தான், தன் பழைய சைக்கிளில். பட்டாபிராம் தாண்டி, ரியல் எஸ்டேட் கல் நட்ட வயல்களுக்கு நடுவே போகிற செம்மண் பாதை. வண்டி ஆடுகிறது, கல் தெறிக்கிறது. ஆனால் டயர் வழுக்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது மிதிப்பதை நிறுத்தினேன். சத்தம் எழுந்தது. முன்னால் போன கஜபதி பிரேக் அடித்து நின்றுவிட்டான். தலை நிமிரவில்லை.

"நீங்க முன்னாடி போங்கக்கா. பின்னாடி கேட்டா என்னால முடியல."

முன்னால் போனேன். எதிரே யாரும் இல்லை. மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. திரும்பினால் கஜபதிதான் இருப்பான் என்று தெரியும். திரும்பாமலேயே போனேன். ரொம்ப தூரம். பயமாகவும் இருந்தது, நிற்கவும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 12

மாடியில் சக்கரத்தைச் சுற்றுவதை விட்டுவிட்டேன். இனி ஓட்டும்போது வருகிற சத்தம் போதும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடியலில் கிளம்பித் தனியாகப் போனேன். கஜபதிக்கு வேலை. நேற்றைய மழையில் பாதை சேறு. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன், ஒரு இடத்தில் விழுந்தேன். சிராய்ப்புதான். திரும்பி மேனாம்பேடு வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் ஃபேனுக்கு நேராக, வெறுந்தரையில், அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உரிக்காத பூண்டு பக்கத்தில் முறத்தில் இருந்தது. நான் நிலைப்படியிலேயே நின்று அவள் மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

சைக்கிளை உருட்டினால் சத்தம் வரும். தோளில் தூக்கிக்கொண்டேன். சேறெல்லாம் சட்டையில் ஒழுக, ஒவ்வொரு படியாக, சக்கரம் எதிலும் இடிக்காமல் மாடிக்குக் கொண்டு போனேன்.