ஆயில் எஞ்சின் தெரியாத ஃபிட்டர்

கோயமுத்தூர்
தை, 1948

அன்புள்ள அப்பாவுக்கு ராசாங்கம் வணங்கி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலியும் அம்மா இருமலும் எப்படி இருக்குன்னு மறைக்காம எழுதுங்க.

நேத்து இங்க ஒரு வேடிக்கை. ஜெயங்கொண்டத்து மிராசுதார் ஒருத்தர் மில்லுக்குப் பருத்தி விக்க வந்தவர், எங்க ஃபிட்டர் வகுப்புக்கும் வந்தார். நம்ம பக்கம் கிணத்துக்கு ஆயில் எஞ்சின் வந்துடுச்சாம், நின்னுபோனா தொட ஆளில்லையாம். "நம்ம ஊர்ப்பக்கத்துப் பையன் யாராவது இருக்கானா?"ன்னார். ஓடிப்போய் நின்னேன்.

"எஞ்சினைப் பிரிச்சு மாட்டுவியா தம்பி? இப்பவே கார்ல கூட்டிட்டுப் போயிடுறேன்."

"நூல் நூற்கிற மெஷின்தாங்க தெரியும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

மில் நடத்துற வகுப்புல மில்லுக்கு வேண்டியதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்க. அதைக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம பக்கம் நூல் மில் ஏதுன்னு, ரயிலேத்தி விட்டப்ப நம்ம ரெண்டு பேருக்குமே தோணலையே அப்பா.

மிராசுதார் எஞ்சின் கம்பெனிக்காரங்களைப் பிடிச்சு, அரியலூர் பள்ளிக்கூடத்துலயே எஞ்சின் வேலைக்கு ஒரு வகுப்பு ஆரம்பிக்கப் போறாராம். தம்பி நல்லுசாமியை அதுல சேர்த்துடுங்க. இங்க அனுப்பிடாதீங்க.

குளிர் ஜாஸ்தியா இருக்கு. போர்வை ஒண்ணு அனுப்புங்க. புதுசு வேண்டாம், அம்மா போத்திக்கிறதே போதும்.

மில் சங்கு ஊதிட்டாங்க, ஓடணும். மிராசுதார் உங்களைப் பார்த்தா நான் சிரிச்சதைத்தான் சொல்லுவார். அவர் கிளம்பினப்ப வாசல் வரைக்கும் போனேன். கார்ல பின்சீட்டு முழுக்கக் காலியாவே போச்சு அப்பா.

உங்க மகன்
ராசாங்கம்