பினாங்கு விலையும் வடமதுரை விலையும்

வடமதுரை, 1958

அன்புள்ள மாமாவுக்கு,

விலைவாசி இங்கே ஏறியதைவிடப் பினாங்கில் அதிகமாக ஏறிவிட்டதால், இந்தப் பொங்கலுக்கும் வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். "அண்ணே சொல்றது சரிதான மதினி, இங்க அம்புட்டு ஏறலயே" என்கிறார் உங்கள் தம்பி.

என்ன சரி? அங்கே ரொட்டி, டின் பால், வாடகை எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, இங்கே அரிசியை மட்டும் பார்த்தால் எப்படி? சொந்த வீடுதானே என்று வீட்டையே விட்டுவிட்டீர்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்றினேனே, அது செலவில்லையா? எரிச்சலாக வருகிறது.

ஒப்பிடுவதென்றால் இரண்டு ஊரிலும் ஒரே சாமானை வைத்து ஒப்பிடுங்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று கப்பல் டிக்கெட்தான். திண்டுக்கல் போய் ஏஜெண்டிடம் கேட்டேன். நீங்கள் கப்பல் ஏறிய வருஷத்து விலையேதானாம்.

அங்கே எவ்வளவு ஏறியிருக்கிறது?

உங்கள் வீட்டுக்காரி