பதினோரு நாள் தாமதித்த கையெழுத்து

செயின்ட் லூயிஸ்
ஞாயிறு, மார்ச் 9, 1975

அன்பு மகள் கொரீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், ஓக்லண்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். குளிர் விட்டதும் அம்மாவின் முழங்கால் வலி தணிந்துவிட்டது. உன் ஒடெஸ்ஸா அத்தை வெள்ளிக்கிழமையோடு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், இன்று மதியம் தேவாலயத்தில் அவளுக்கு விருந்து, வறுத்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் வைத்தார்கள். போதகர் அரை மணி நேரம் பேசினார், அவள் செய்த வேலை என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை, சுவர்க் கடிகாரம் ஒன்று வந்தது. அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். மூன்று வாரமாக உன் ஆய்வுக் குறிப்பேட்டில் சாட்சிக் கையெழுத்து இல்லை, உன்னோடு வேலை பார்க்கும் அந்த ஆட்களிடம் போய்க் கேட்கப் பிடிக்கவில்லை என்றாய். அத்தையின் பெயரில் ஏன் ஒரு காப்புரிமைகூட இல்லை என்றும் கேட்டாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

அவள் வேதியியல் பட்டத்தோடு அங்கே போனபோது பாத்திரம் கழுவும் வேலைக்குத்தானே வந்தாய் என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். இரண்டு வருடம் குடுவைகளைக் கழுவினாள், எந்தக் குடுவையின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தே யாருடைய சோதனை எங்கே தவறியது என்று கண்டுபிடித்துவிடுவாள். போருக்கு ஆண்கள் போனதும் அவளுக்கு ஒரு மேசை கிடைத்தது. திரும்பி வந்தவர்களால் அவளை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை. எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தாள், அதற்காகவே அவள்மீது எனக்குப் பல வருடம் கோபம்.

1952 அக்டோபரில் ஈரத்தில் விடாத செருப்புப் பசையைக் கண்டுபிடித்தாள். ஜன்னலோரம் வாளித் தண்ணீரில் ஒரு ஜோடிச் செருப்பு ஒரு மாதம் கிடந்தது, அடித்தோல் அசையவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேறொருவர் "வாசித்தேன், புரிந்துகொண்டேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும், இரண்டு பேர் ஒன்றையே கண்டுபிடித்தால் அந்தத் தேதி முந்தியவருக்கே உரிமை. கறுப்புப் பெண்ணின் பக்கத்தில் வெள்ளைக்காரர் யாரும் கையெழுத்திட மாட்டார்கள், அதற்கு அவள் தம்பி நான் ஒருவன்தான் இருந்தேன். அந்த வாரம்தான் அவளை எனக்கு மேலதிகாரியாக்கியிருந்தார்கள். ஒன்பதாம் தேதி குறிப்பேட்டை நீட்டினாள். "கண்ணு எரியுதுக்கா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுவாரமும் கேட்டாள். இருபதாம் தேதிதான் கையெழுத்திட்டேன். அதே பசையைக் கண்டுபிடித்த வேறொரு கம்பெனிக்காரரின் பக்கத்தில் பதினைந்தாம் தேதி இருந்தது, காப்புரிமை அவருக்குப் போனது.

கம்பெனி வக்கீல் விசாரித்தபோது, கையெழுத்துக் கேட்க மறந்துவிட்டேன், தவறு என்னுடையது என்று அத்தை சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்தால் என் வேலை போயிருக்கும், நீ பிறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. என்னிடம் ஒரே ஒரு முறை பேசினாள். "கோவம்னா வீட்டுக்கு வந்து என் சட்டிய உடைச்சிருக்கலாமேடா வெண்டல், நோட்டுப் பக்கத்துல ஏன்டா காட்டின?" அவ்வளவுதான். திங்கட்கிழமையே அடுத்த சோதனையைத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு பக்கத்தையும் என்னிடம்தான் நீட்டினாள். உலகத்தில் பலர்மேல் எனக்குக் கணக்கில்லாத கோபம் உண்டு, ஆனால் அவளைப் போல ஒரு வேதியியலாளரை நான் பார்த்ததில்லை.

இன்று விருந்தில் இதை எல்லோர் முன்பும் சொல்லிவிட எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உக்காருடா, மீன் ஆறுது. போதகருக்கு எதுக்கு இதெல்லாம்? சொல்லணும்னா உன் பொண்ணுக்கு எழுது, அவளுக்குத்தான் உதவும்" என்றாள். அதனால் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தே எழுதுகிறேன், எதிரில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த மூன்று வாரப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போ, உனக்குப் பிடிக்காதவன் வாசலிலேயே நில், கையெழுத்து வாங்காமல் நகராதே. கடவுள் உன்னையும் உன் கைகளையும் காப்பாராக. அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது.

உன் அப்பா,
வெண்டல் டாரன்ட்
மார்ச் 9, 1975

வாசித்தேன், புரிந்துகொண்டேன்.
ஒடெஸ்ஸா டாரன்ட்
மார்ச் 9, 1975