எடுத்தாச்சா?

கோழிக்கோடு
9 ஜனவரி 2012

அன்புள்ள இக்காவுக்கு ரம்லத் எழுதுவது.

உங்கள் உம்மாவின் கால்வலி தேவலை. இன்றும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, தேநீர்கூடப் போடாமல், கேமராவை எடுத்து உங்களைப் பார்த்தேன். இதை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் மஸ்கட் புறப்பட்ட அன்று வாசலில் பெட்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தேனே, முந்தின நாள் என் குறும்படத்துக்காக வீடியோவுக்கு மாற்றிய கேமரா அப்படியே கிடந்திருக்கிறது. அதனால்தான் க்ளிக் சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்துக்காக நீங்கள் சிரித்தபடியே காத்திருக்கிறீர்கள். "எடுத்தாச்சா?" என்கிறீர்கள். நான் "ம்" என்கிறேன். உடனே சிரிப்பு இறங்கிவிடுகிறது. பிறகு வரும் முகத்தை, கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

என் குறும்படமும் வளைகுடாவுக்குப் புறப்படும் ஒருவனைப் பற்றியதுதான். நடிக்கிற பக்கத்து வீட்டு சைனுத்தீன் எத்தனை முறை எடுத்தாலும் பல்வலிக்காரன்போலவே நிற்கிறான். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் பிந்துதான் படத்தைத் தொகுக்கிறாள். உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஆள வீட்டுல வெச்சுக்கிட்டு அந்தப் பாவப்பட்ட மனுஷன எதுக்குடி வெயில்ல காய வெச்ச?" என்றாள். இதைச் சேர்த்தால் குறும்படப் போட்டியில் பரிசு நமக்குத்தானாம்.

சேர்க்கட்டுமா? அதைவிட, அது என்ன முகம் இக்கா? போகிற வருத்தமா? இல்லை, ஒருவழியாகப் போகிறோம் என்பதா? நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். ஒருமுறை இப்படி, மறுமுறை அப்படி.

உங்கள் ரம்லத்

*

மஸ்கட்
21 ஜனவரி 2012

பிரியமுள்ள ரம்லத்துக்கு,

இங்கே சுகம். ஊர்க்காட்சிகளை எடுப்பாய் என்று கேமரா வாங்கித் தந்தால் நீ என்னையே பிடித்துவிட்டாய். அந்த முகம் எனக்கும் தெரியாது.

கேட்டதால் சொல்கிறேன், கோபிக்காதே. ஊருக்கு வந்தால் நான் விருந்தாளி. பெரிய மீன் துண்டு எனக்கு, நல்ல நாற்காலி எனக்கு. சட்டையை எந்த ஆணியில் மாட்டுவது என்று மட்டும் யாரையாவது கேட்கவேண்டும். இங்கே திரும்பிய இரவு நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு தூக்கமே சரியில்லை. இதில் எது வருத்தம், எது நிம்மதி என்று எனக்கே பிடிபடவில்லை.

சேர்க்காதே. உம்மா பார்ப்பாள். அழித்துவிடு.

உமர்கோயா

*

கோழிக்கோடு
4 பிப்ரவரி 2012

அன்புள்ள இக்கா,

கோபமில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றிலும் எங்கள் துணிதான்.

ஃபோனில் நீங்கள் கேட்டபோது அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. சேர்க்கவும் இல்லை. சைனுத்தீனின் பல்வலியோடுதான் படம் போட்டிக்குப் போனது. "பரிசு வாசல்ல வந்து நிக்குது, நீ கதவச் சாத்தறியேடி" என்று சொன்னதோடு பிந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நேற்றும் பார்த்தேன். விளங்கவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதில் இருப்பது இங்கிருந்து போகிறவர். அங்கே போய் இறங்குகிறவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஏப்ரலில் பள்ளி மூடியதும் நான் மஸ்கட் வருகிறேன். கேமரா இல்லாமல். வரட்டுமா என்று கேட்கவில்லை. விசாவுக்கு வேண்டியதைப் பாருங்கள். உம்மாவிடம் சொல்லவில்லை, பிந்துவிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை உங்களுக்கும் தெரியாது.

ரம்லத்