நீலம் வராது என்றவளுக்கு

அடியே, முந்தாநாள் என் பேரனைக் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் படுக்க வைத்தார்கள். பிறந்து நாலே நாள், மஞ்சள் காமாலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. மாதாவைக்கூட அதற்கப்புறம்தான் கூப்பிட்டேன். நீ போய் நாலு வருஷமாகிறது.

திருச்சியில் நம் காலேஜ் இயற்பியல் லேபில் நாம் இருவரும் வேலை பார்த்த காலம். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்.இ.டி. விளக்குகள் எத்தனை வோல்டில் எரியத் தொடங்குகின்றன என்று பிள்ளைகள் அளந்து அட்டவணை போடுவார்கள். ஒருத்தி நீலத்துக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டு, "நீலம் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள்.

"இந்த ஜென்மத்துல வராது. அதுக்கான படிகத்தை ஒருத்தராலயும் ஒழுங்கா வளர்க்க முடியலை. அந்தக் கட்டத்தை அடிச்சுடு" என்றாய்.

வருமென்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஆதாரமெல்லாம் ஒன்றுமில்லை, உன்னை எதிர்த்துப் பேசுவதில் ஒரு சுகம், அவ்வளவுதான். "வந்துட்டா ஒரு மாசம் காபியைத் தொட மாட்டேன், எழுதி வெச்சுக்கோ" என்று வீறாப்பாகச் சொன்னாய். ஸ்ரீரங்கத்தில் இரண்டாம் காபி குடிக்காமல் பஸ் ஏறாதவள் நீ!

வந்தேவிட்டது. எங்கோ சிலர், மற்றவர்கள் கைவிட்ட அந்தப் படிகத்தை விடாப்பிடியாக வளர்த்துக் காட்டிவிட்டார்கள். பத்திரிகையை உன் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தால், "தோத்துட்டேன்டீ! எவ்வளவு நன்னா தோத்திருக்கேன் பாரு!" என்று குதித்தாய். காபியில்லாமல் ஒரு மாதம் தலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாய். லேபுக்கு முதல் நீல விளக்கு வந்த அன்று, ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் நீயே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டுக் கொடுத்து, தப்பு என்னுடையது என்றாய். நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன்.

"நாளைக்குக் காலைக்குள்ள குறையலைன்னா ரத்தம் மாத்த வேண்டி வரும்மா" என்றார் முந்தாநாள் டாக்டர். "வெறும் லைட்டு என்னம்மா பண்ணிடும்?" என்று மகள் உடைந்துபோனாள்.

நர்ஸ்தான் தேற்றினார். "நீல வெளிச்சம் பட்டா ரத்தத்துல இருக்கிற மஞ்சள் கரைஞ்சு வெளியே போயிடும்மா. முன்னெல்லாம் டியூப் லைட்டுங்க, சூடா இருக்கும், தள்ளித்தான் வைக்கணும். இது எல்.இ.டி., பிள்ளைக்குக் கிட்டக்கவே வைக்கலாம். பயப்படாதீங்க."

நேற்றுக் காலை அளவு இறங்கியிருந்தது. இன்று விளக்கை அணைத்துக் கண்கட்டை அவிழ்த்தார்கள். அவன் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. மகள் வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போதெல்லாம் "முடியாது" என்று வாய்வரை வந்தால், "என்னால் முடியாது" என்று திருத்திச் சொல்கிறேன். வேறு யாராவது முடித்துவிட்டுப் போகட்டும். நான் ஒருத்தி தோற்பதால் எத்தனை வீட்டில் தொட்டில் ஆடுமோ, யார் கண்டது?