குப்பை மலையடி வீடு

நபுசாலி குப்பைமேடு, வேலைத்தளம்
மார்ச் 18

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் மகளின் கணவன் கிசித்தோ தலை தாழ்த்தி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நன்யோங்கா கேட்கச் சொன்னாள். இந்தக் கடிதத்தையும் சர்க்கரையையும் அவளே கொண்டு வருவாள்.

மூன்று வாரமாக நான் உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறேன். மேடு சரியாமல் நிறுத்தும் வேலைக்கு என்னைப் பொறியாளராகப் போட்டிருக்கிறார்கள். நேற்று உச்சியில் நின்றபோது நீங்கள் கொடியில் துணி போட வந்தீர்கள். சட்டென்று திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அளவைக்காரர், "என்ன சார், பேயைக் கண்ட மாதிரி திரும்புறீங்க?" என்றார். "பேய் இல்லய்யா, மாமியார்" என்றேன். புரிந்தது என்று தலையாட்டிவிட்டு அளவுகோலைத் தூக்கிக்கொண்டார். அவரும் கல்யாணம் ஆனவர்.

இது நேரில் வந்து சொல்ல வேண்டிய செய்தி. மாப்பிள்ளையும் மாமியாரும் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்ற முறை இருப்பதால் காகிதத்தில் சொல்கிறேன். போனில் பேசலாமே என்றாள் நன்யோங்கா. எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை.

அத்தை, மேடு நல்ல நிலையில் இல்லை. யாரும் அமுக்கிக் கொட்டவில்லை, குவித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மழைத் தண்ணீரெல்லாம் உள்ளே தங்கிக் கறுத்துக் கிடக்கிறது. உச்சியில் ஒரு வெடிப்பு ஓடுகிறது, அதில் என் கை தோள்வரை போகிறது. கீழே உங்கள் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் தரை உப்பியிருப்பதைக் கவனித்தீர்களா? மேல் பாரம் தாங்காமல் அடி வெளியே தள்ளுகிறது.

உச்சியை வெட்டிச் சரிவைக் குறைக்கிறோம். குழாய் செருகிக் கறுப்புத் தண்ணீரை வடிக்கிறோம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அடியில் பாறாங்கல் அடுக்கி ஒரு கனமான கரை கட்டுவது. அதுதான் மேட்டின் காலை மிதித்துப் பிடிக்கும். கரை உங்கள் வாழைத்தோட்டத்தின் மேல்தான் உட்கார வேண்டியிருக்கிறது. வேறு இடமில்லை, அளந்து பார்த்துவிட்டேன்.

அதனால் நீங்கள் முக்கோனோவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் வேலைத்தளத்திலேயே படுத்துக்கொள்வேன்.

பணிவுடன்,
கிசித்தோ லுப்வாமா


நபுசாலி
மார்ச் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சர்க்கரை வந்தது, மகளும் வந்தாள். மகள் சர்க்கரையைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டாள். ஒரு டீ குடித்ததும் பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டாள். முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

மாமியாரை வீட்டோடு வந்து இருக்கச் சொன்ன முதல் மாப்பிள்ளை இந்த ஊரில் நீங்கள்தான். பக்கத்து வீட்டு நாலோங்கோவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை உங்களுக்குத் தெரிந்திருக்கும், மேட்டில் பிளாஸ்டிக் பொறுக்குகிறவள், இரட்டைப் பெண்பிள்ளைகளின் தாய். இரட்டை பெற்றதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் கூப்பிடுகிறது. "அக்கா, போயேன். மாப்பிள்ளை வெளிய படுக்கட்டும், நீ கட்டில்ல படு. பரலோகத்துல உன் புருஷன் எந்திரிச்சு உட்காருவாரு!" என்றாள்.

வேடிக்கை இருக்கட்டும். நீங்கள் எங்கே படுத்தாலும் அந்தக் கூரை உங்களுடையது. மாப்பிள்ளையின் கூரைக்குக் கீழே நான் உறங்க முடியாது. இதை நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

நாங்கள் மேட்டுக்கு வந்தவர்கள் இல்லை, மாப்பிள்ளை. மேடுதான் எங்களிடம் வந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது இங்கே கோரைப்புல் வளர்ந்த பள்ளம். பள்ளத்தை நிரப்பி மைதானம் செய்து தருகிறோம் என்றார்கள். நிரம்பிய பிறகும் லாரி நிற்கவில்லை. இப்போது மொட்டைத்தலைக் கரோலி நாரைகள் அந்த உச்சியில் கனவான்கள் மாதிரி நின்று என் அடுப்பை எட்டிப் பார்க்கின்றன. ஊற்றுத் தண்ணீரில் துணி துவைத்தால் துணி அழுக்காகிறது.

போகச் சொல்வது சுலபம். மேலத்தெருக்காரர்கள் முன்பு போனார்களே, அவர்களுக்கு என்ன கிடைத்தது? திரும்பி வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் குப்பை. "ஆள் இல்லாத இடம்தானே" என்று சொல்லிவிட்டார்கள். என் புருஷன் தோட்டத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். நான் எழுந்து போனால் அவர் மேல் எதைக் கொட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மேலே நிற்கிறபோது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

மாமியார்,
தெயோபிஸ்தா நபாக்கூசா


வேலைத்தளம்
ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

கோபிக்காதீர்கள், மறுபடியும் அதே பாட்டுத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. குழாய்களில் கறுப்புத் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. வேலையாட்கள் வற்றிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். அது வற்றவில்லை, குழாய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் உள்ளேயே நிற்கிறது.

உச்சியில் கொட்டுவதை நிறுத்துங்கள் என்று எங்கள் முதலாளியிடம் மன்றாடினேன். "நான் உச்சியை வெட்டி எடுக்கறேன், நீங்க அதுமேலயே கொட்டிக்கிட்டே இருக்கீங்க. இது எந்த ஊர் நியாயம்?" என்றேன். அவர், "நாளைக்கு வர்ற குப்பையை எங்க கொட்டறது? உன் வீட்டு முற்றத்துலயா?" என்றார். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டால் அடுத்து வருகிறவன் உப்பிய தரையைக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் அகப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். தூக்கத்தில்கூட மேடு நகர்கிறது அத்தை.

கற்கரை இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டது. உங்கள் தோட்டம் மட்டும் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி திறந்திருக்கிறது. தள்ளுகிற பாரம் முழுக்க அந்த வாய்க்கு நேரேதான் இருக்கிறது. பின்னால் இருக்கிற அத்தனை வீடுகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

முக்கோனோவில் சந்தைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரி விதவை, ஜெபமாலைக்காரி. தனி வாசல். என் கூரை இல்லை. நான் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன், சத்தியம். நிலம் உங்களுடையதுதான் என்ற பத்திரத்தில், முதலாளியிடம், பங்குக் குருவானவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்து வாங்கித் தருகிறேன். மாமா எங்கே உறங்க வேண்டும் என்று குலத்தார் சொல்கிறார்களோ அங்கே கொண்டுபோவோம்.

தயவுசெய்து சரி என்று எழுதுங்கள்.

கிசித்தோ


நபுசாலி
ஏப்ரல் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சரி.

எழுதியாயிற்று, இப்போதாவது தூங்குங்கள். நீங்கள் மெலிந்துவிட்டதாக நாலோங்கோ சொல்கிறாள். "உன் மாப்பிள்ளை நல்ல மனுஷன் அக்கா. எங்களை விரட்டாம, 'இந்தப் பக்கம் பொறுக்காதீங்கம்மா, அந்தப் பக்கம் போங்க'ன்னு கெஞ்சுறாரு. கெஞ்சுற பொறியாளரை நான் பார்த்ததே இல்ல" என்றாள். உங்களைப் பற்றி நல்லபடியாகக் கேட்டால் எனக்குப் பெருமைதான், அதை மறைப்பானேன்.

குலத்துப் பெரியவர்கள் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, வருகிறார்கள். முறைப்படி மரவுரி சுற்றி உங்கள் மாமாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பின்னாலேயே நான் கிளம்பிவிடுவேன். அன்றே கல்லைக் கொட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் முடியாது. அவரை விட்டுவிட்டு முதலில் நான் வெளியேறினேன் என்ற பேச்சு வேண்டாம்.

பன்றிகளை நாலோங்கோ பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் ஒரு இடம் பார்க்கச் சொல்லி உங்களைக் கேட்க நினைத்தேன். அவள்தான், "எனக்கு மேடுதான் சோறு போடுது, தூரமா போய் என்ன தின்னறது?" என்கிறாள்.

மாமியார்,
தெயோபிஸ்தா


வேலைத்தளம்
ஏப்ரல் 24, புதன்

அத்தை,

காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க அதன் குறுக்கே நான் கட்டிய கயிறு இன்று அறுந்துவிட்டது. சனிக்கிழமை வரை பொறுக்க முடியாது. இன்றே கிளம்புங்கள். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கிசித்தோ

(அதே தாளின் பின்பக்கம்)

மாப்பிள்ளை, பெரியவர்களுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். நாளை மதியத்துக்குள் வந்துவிடுவார்கள். ஒரு காலைப்பொழுதுதானே. காவலாளிக்குச் சோறு போட்டேன், பாவம், பசியோடு வந்தான்.

தெயோபிஸ்தா


முக்கோனோ
மே 9

அத்தைக்கு,

மாசாக்காவில் உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறீர்கள் என்றும், எலும்பு கூடி வருகிறது என்றும் நன்யோங்கா சொன்னாள். என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், கோணல் மாணலாக இருக்கும்.

என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் கும்பிடுகிறார்கள். முறையைக்கூடப் பார்க்காமல் மாமியாரைக் காப்பாற்றப் பாய்ந்தவன் என்று வானொலியில் சொன்னார்களாம். அது முழு உண்மை இல்லை. நீங்கள் உள்ளே இருந்தீர்கள், வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நாம் புதைந்து கிடந்த அந்தக் குழியிலிருந்து நான் ஏறவே மாட்டேன்.

மேடு சரிந்த அன்று காலை உச்சி உட்காருவதைப் பார்த்ததும் கீழே ஓடிவந்தேன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் உதைத்தேன். ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். உங்கள் வீட்டுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. பலாமரத்தடியில் நின்று, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அத்தை, வெளிய வாங்க!" என்று கத்தினேன். நீங்கள் வரவில்லை. அப்போது நாலோங்கோ ஓடிவந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், அவள் தப்பித்து ரோட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"நாலோங்கோ, உள்ள போய் அத்தையைக் கூட்டிட்டு வாம்மா" என்றேன்.

"நீங்களே போங்களேன். எட்டி வச்சா வீடு!"

"முறை இல்லம்மா."

"அட போய்யா, நீயும் உன் முறையும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மேடு வந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் உள்ளே பாய்ந்தேன். அப்போது பாய்ந்து என்ன? கூரை நம் மூன்று பேர் மேலும் இறங்கியது. இருட்டில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இடிந்து விழுந்த சுவருக்கு அந்தப்புறம் அவள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது உங்களுக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் அனுப்பாமல் இருந்திருந்தால் அவள் ரோட்டில் நின்றிருப்பாள். நானே போயிருந்தால் நாம் இரண்டு பேரும் அவள் பக்கத்தில் நின்றிருப்போம்.

திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மேட்டின் மறுபக்கத்தில் லாரிகள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. அந்தப் பக்கமும் அடியில் வீடுகள் இருக்கின்றன. கரை கட்ட நான் வேண்டுமாம். போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. என் பெயரைச் சொல்லவும் பிடிக்கவில்லை என்றால் அது நியாயம்தான்.

கிசித்தோ


மாசாக்கா
மே 14

அன்புள்ள கிசித்தோ,

பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்திருக்கிறேன், பாருங்கள்.

வெளியே நடந்தது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் தெரியும். முதல் தடவை நீங்கள் கூப்பிட்டபோதே கேட்டது. மாப்பிள்ளையின் குரல் என்றதும் என்ன செய்தேன் தெரியுமா? தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது, உடம்பு தானாகச் செய்தது. கதவுக்குப் பின்னால் நின்று நீங்கள் இரண்டு பேரும் பேசியதைக் கேட்டேன். "முறை இல்லம்மா" என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மகளுக்கு எப்பேர்ப்பட்ட நல்ல மாப்பிள்ளை என்று நினைத்தேன். மேடு தலைக்கு மேலே, நான் மரியாதையை ரசித்துக்கொண்டு நிற்கிறேன்!

அவள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "இரு, அவர் தூரமாப் போகட்டும்" என்றேன். அவள் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான். அதனால் முழுப் பழியையும் நீங்களே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாதி என்னுடையது. அந்த லாரிகளை அனுப்பியவர்களுக்கும் பங்கு உண்டு, அவர்கள் வந்து கேட்கமாட்டார்கள்.

மாப்பிள்ளை கையை மாமியார் பிடித்தால் கை நடுங்கும் நோய் வரும், ஆடு வெட்டிக் கழிப்புச் செய்ய வேண்டும் என்று என் தம்பி குதிக்கிறான். "அந்த ஆட்டை நீயே தின்னு" என்று சொல்லிவிட்டேன். என் கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அவளை நினைக்கிறபோதுதான் நடுங்குகிறது. இரவும் பகலும் அழுகிறேன், கிசித்தோ. அவள் சிரிப்பு இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை.

அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் கன்னியர் மடத்தில் இருக்கிறார்கள். தகப்பன் வழியில் யாரும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பாபிர்யே என் மடியில் உட்கார்ந்தாள், நக்காத்தோ தூரத்திலேயே நின்று, "அம்மா உங்க வீட்டுக்குள்ள ஏன் போனாங்க?" என்று கேட்டாள். அதற்கு ஒருநாள் பதில் சொல்ல வேண்டும், நீங்களும் கூட இருந்து சொல்ல வேண்டும்.

சந்தைக்குப் பின்னால் பார்த்த அறையை விட்டுவிடுங்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பகல் முழுக்கக் கிடந்து எழுந்துவிட்டோம், இனி எந்தக் கூரைக்குப் பயப்படுவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அங்கேயேதான் இருக்கப்போகிறோம். ஊர் என்ன சொல்லும் என்று நன்யோங்கா பயப்படுவாள், அவளை அதட்டி வையுங்கள்.

முன்வாசலுக்குத்தான் வருவேன், முக்காடு போடமாட்டேன். கதவைத் தட்டியதும் நீங்களே வந்து திறங்கள். வேறு யாரையும் அனுப்பாதீர்கள்.

தெயோபிஸ்தா